வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு

லாட்டரி மோசடியில் யாரோ லட்சக்கணக்கில் பறிகொடுத்தார் என்று செய்தி வந்தால், படிக்கிறவர்கள் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: பேராசை. டீக்கடையில் பேப்பரை மடித்து வைக்கிறவர் அதைத்தான் சொல்கிறார். புகார் வாங்கும் காவலர் சொல்கிறார். பறிகொடுத்தவரின் சொந்த மகனே சொல்கிறான். நான் பொள்ளாச்சி வட்டாரத்தில் வங்கிக் கிளைகளில் கவுன்ட்டரிலும், பின்னாளில் மேலாளர் நாற்காலியிலும் இருந்து ஓய்வு பெற்றவள். பணம் போன பிறகு இவர்களைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. பணம் அனுப்பச் சலானை நிரப்பிக்கொண்டு வரிசையில் நிற்கும்போதே பார்த்தவள் நான். அந்த முகங்களில் பேராசையை அதிகம் கண்டதில்லை. பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவர் முகத்தில் இருக்குமே ஒரு பதற்றம், எந்தத் தாளும் விட்டுப்போய்விடக் கூடாதே என்கிற பதற்றம், அதைத்தான் கண்டேன்.

ஆசை இல்லை என்று சொல்லவில்லை. ஆசையில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் முதல் தவணைக்குப் பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று பணம் கறக்கப்படுவது ஆசையால் அல்ல. முத்திரை, ஃபைல் நம்பர், அசோகச் சின்னம், சட்டப் பிரிவு என்று வரும் தாள்களின் மேல் நமக்கிருக்கும் பயபக்தியால். அதனால்தான் 'ஆசைப்படாதீர்கள்' என்று வருஷக்கணக்காகச் சொல்லியும் யாரும் பிழைத்த மாதிரி தெரியவில்லை. உண்மையான பரிசுப் பணம் எந்த வழியாக, என்னென்ன கழிவுகளோடு கைக்கு வந்து சேரும் என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். தமிழ்நாட்டில் அது தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதுதான் என் கவலை.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு இங்கே லாட்டரி விற்பனையைத் தடை செய்தது. நல்ல காரியம். கூலி வாங்கிய கையோடு பஸ் ஸ்டாண்ட் சீட்டுக் கடையில் பாதியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களின் மனைவிமார் என் கவுன்ட்டருக்கு வந்து நகைக்கடன் கேட்டிருக்கிறார்கள். தடையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கடைகள் இருந்த காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சில விஷயங்கள் தெரிந்திருந்தன. காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால்தான் குலுக்கலில் நாம் இருக்கிறோம். முடிவு பேப்பரில் வரும், நாம்தான் நம்பரைத் தேடிப் பார்க்க வேண்டும். சீட்டு தொலைந்தால் பரிசும் தொலைந்தது. இன்றைக்கு முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை, பாலக்காட்டுப் பக்கம் போகாதவன் என்றால், நிஜமான லாட்டரிச் சீட்டு ஒன்றைக் கையில் பிடித்தே பார்த்திருக்க மாட்டான். போலியை ஒப்பிட்டுப் பார்க்க அசல் அவனிடம் இல்லை.

எங்களுக்கு அசல் பக்கத்திலேயே இருந்தது. கோபாலபுரம் சோதனைச் சாவடி தாண்டினால் கேரளா. அங்கே அரசே லாட்டரிக்கென்று ஒரு துறையை 1967-இல் ஏற்படுத்தி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்தியது. சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். இன்றைக்குத் திருவோணம் பம்பர் சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. 2023-இல் அந்த 25 கோடி, வாளையாரில் சீட்டு வாங்கிய நம் கோவை, திருப்பூர் பக்கத்து நண்பர்கள் நான்கு பேருக்கு விழுந்தது. தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்ற சீட்டு அது என்று ஒரு புகார் கிளம்பி, துறை விசாரணை வைத்தது தனிக்கதை. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன பரிசு மெசேஜ் வந்தாலும் 'விழுந்தாலும் விழுந்திருக்கும்' என்று நம்ப ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது.

என் கிளையில் வாடிக்கையாளராக இருந்த டீக்கடைக்காரர் ஒருவருக்கு ஒருமுறை கேரள லாட்டரியில் ஓரளவு பெரிய பரிசு விழுந்தது. கோடியெல்லாம் இல்லை. அவரே பேப்பரில் நம்பரை ஒத்துப் பார்த்து, நான்கு பேரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வந்தார். குலுக்கல் தேதியிலிருந்து முப்பது நாளைக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும். பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்து. இரண்டு பக்கமும் ஜெராக்ஸ், அதில் கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம். பாஸ்போர்ட் அளவுப் படம். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது. அடையாள அட்டை, பான் கார்டு. இவ்வளவையும் வங்கி மூலமாகத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பலாம் என்று நாங்கள் விசாரித்துச் சொன்னோம். அதற்குப் பிறகு அவர் வாரம் தவறாமல் வந்து, 'ஏனுங் மேடம், ஏதாச்சும் வந்துதுங்களா?' என்று கேட்டுவிட்டுப் போவார். கடைசியில் வந்தது. சீட்டு விற்ற ஏஜென்டின் கமிஷனும் முப்பது சதவீத வருமான வரியும் அங்கேயே பிடித்துக்கொள்ளப்பட்டு, மிச்சம் அவர் கணக்கில் ஏறியது.

அந்தத் தொகை வரும்வரை அவர் கையிலிருந்து செலவானது ஜெராக்ஸ் காசும் ஸ்டாம்ப் காசும்தான். யாரும் அவருக்குப் போன் செய்து வாழ்த்துச் சொல்லவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. சொல்லப்போனால் அந்தப் பணத்தைக் கொடுக்க யாருக்கும் அவசரமே இல்லை. 1998-ஆம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, யாரும் கேட்டு வராத பரிசுப் பணம் அந்த மாநில அரசுக்கே சொந்தமாகிவிடும். உங்களைத் தேடிப் பிடித்து, நச்சரித்து, 'இன்றைக்கு சாயங்காலத்துக்குள் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கெஞ்ச எந்த அரசாங்கத்துக்கு என்ன தலையெழுத்து?

அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. இந்தியாவில் லாட்டரி நடத்தும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு மட்டும். செல்போன் கம்பெனிக்கோ, டிவி நிகழ்ச்சிக்கோ, ஆன்லைன் கடைக்கோ இல்லை. வெளிநாட்டு லாட்டரி என்று வைத்துக்கொண்டாலும், அந்நியச் செலாவணி விதிகளின்படி லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதே தடை செய்யப்பட்ட காரியம். 2010-இல் ரிசர்வ் வங்கி இதை எங்களுக்கு மறுபடி நினைவூட்டிச் சுற்றறிக்கை அனுப்பியது. அப்போதெல்லாம் ஈமெயிலில் லண்டன் லாட்டரி, ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்தோடு கடிதம் என்று வந்துகொண்டிருந்த காலம். ரிசர்வ் வங்கியில் தனி ஆளுக்குக் கணக்கே கிடையாது, அங்கே உங்கள் பெயரில் பணம் 'நிறுத்தி வைக்கப்பட்டிருக்க' வழியும் கிடையாது.

இனி போலிக்கு வருவோம். ஆனைமலைப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணக்கு வழக்கில் ரொம்பக் கறார். கொப்பரை வியாபாரி எடையில் அரைக் கிலோ குறைத்தால் லாரியைத் திருப்பி அனுப்புகிற ஆள். அவர் ஒருநாள் என் மேசையில் ஒரு தபால் உறையை வைத்தார். உள்ளே ஒரு ஸ்கிராட்ச் கார்டு. வெள்ளிப் பூச்சைச் சுரண்டியிருந்தார். கார், அல்லது அதற்கு ஈடாகப் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் ரொக்கம். பேர் தெரிந்த ஒரு விற்பனை நிறுவனத்தின் சின்னம் மேலே. கீழே நான்கு முத்திரைகள், வட்டமாக ஒன்று, சதுரமாக ஒன்று, நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று. தமிழில் விதிமுறைகள், 'தாங்கள் வெற்றியாளர் ஆகி உள்ளீர் என மகிழ்ச்சி அடைகிறது' என்கிற தமிழில். பதிவுக் கட்டணம் ஆறாயிரத்துச் சொச்சம் கட்டச் சொல்லி ஒரு கணக்கு எண்.

'இது பொய்யுங்க' என்றேன். அவர் நம்பவில்லை. அவர் சொன்ன காரணத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

'போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிட்டுத்தானுங்க குடுத்தாரு. பொய்யான கடுதாசியக் கவர்மெண்ட்டு கையெழுத்து வாங்கிட்டா குடுக்கும்?'

தபால் துறை உறைக்குப் பொறுப்பு, உள்ளே இருப்பதற்குப் பொறுப்பில்லை என்று விளக்கினேன். 'எம் பேரு, தகப்பனாரு பேரு, பின்கோடு அத்தனையும் சரியா இருக்குதுங்களே' என்றார். டிவியில் பார்த்து ஏதாவது பொருள் வாங்கினீர்களா என்று கேட்டேன். முழங்கால் வலிக்கு ஒரு பட்டை வாங்கியிருக்கிறார். இப்படி வாங்குகிறவர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் பட்டியல்கள் கைமாறி விலைபோகின்றன. முகவரி சரியாக இருப்பது பட்டியல் கைமாறியதற்கு அடையாளம், பரிசுக்கு அடையாளம் இல்லை.

அதற்குப் பிறகு அவர் எடுத்துக் காட்டிய தாள்தான் என்னை யோசிக்க வைத்தது. வருமான வரிச் சட்டம் 194பி பிரிவின்படி வரி கட்டிய பிறகே பரிசு விடுவிக்கப்படும் என்று அதில் இருந்தது. அந்தப் பிரிவு நிஜம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் லாட்டரி, பரிசுப் பணத்துக்கான வரிப் பிடித்தம் அதில்தான் வந்தது. பரிசு ரொக்கமாக இல்லாமல் காராகவோ பொருளாகவோ இருந்தால், வரி கட்டியாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ஆக, 'பரிசுக்கு முன்னால் வரி என்று கேட்டாலே மோசடி' என்று நாம் மொட்டையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால், கொஞ்சம் விவரம் தெரிந்தவர் அந்தப் பிரிவைப் படித்துவிட்டு நம்மைத்தான் சந்தேகப்படுவார். மோசடிக்காரர்கள் எங்களைவிட நன்றாகச் சட்டம் படித்திருக்கிறார்கள்.

எது வித்தியாசம் என்றால், வரி என்பது சலான் போட்டு, பான் எண்ணைக் குறித்து, அரசாங்கத்தின் கணக்கில் கட்டுவது. அவர் கொண்டுவந்த தாளில் இருந்தது யாரோ ஒரு பெண்ணின் பெயரில் வட மாநிலக் கிளை ஒன்றில் இருந்த சேமிப்புக் கணக்கு. ஐஎஃப்எஸ்சி எண்ணைப் போட்டுப் பார்த்து அவரிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். 'இந்திய அரசாங்கம் ஏனுங்க ஒரு அம்மிணி பேருல சேவிங்ஸ் அக்கவுண்ட் வெச்சுருக்குது?' என்று கேட்டேன். பதில் இல்லை. ஆனால் கோபம் வந்தது. 'உங்களுக்கு அனுப்ப இஷ்டமில்லீன்னா உட்டுருங்க' என்று எழுந்து போய்விட்டார். மருமகன் போனிலிருந்து யுபிஐயில் அனுப்பியிருக்கிறார்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆறாயிரம் போனதும் ஜிஎஸ்டி என்று ஒரு தொகை. நிஜ லாட்டரியில் ஜிஎஸ்டி என்பது சீட்டின் விலையிலேயே அடங்கிவிடுகிறது. பரிசு விழுந்தவரிடம் அதைத் தனியாகக் கேட்கிற பேச்சே இல்லை. அடுத்து ஆர்டிஓ கட்டணம். அடுத்து ரொக்கமாக மாற்றுவதற்கு ரிசர்வ் வங்கி அனுமதி. ஒவ்வொரு தொகையும் முன்னதைவிடப் பெரியது, ஒவ்வொன்றோடும் ஒரு ரசீது, ஒவ்வொன்றும் 'கடைசிக் கட்டணம்'. மூன்றாவது தவணையில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். இருந்தும் கட்டினார். விட்டதைப் பிடிக்கிற வேகம் அது. கட்டாமல் நிறுத்தினால் முன்பு கட்டியது போச்சு. கட்டினால் ஒருவேளை எல்லாமே வரலாம். கறாரான மனிதர் என்பதால்தான் கட்டினார் என்று எனக்குத் தோன்றுகிறது. போட்ட முதலைக் கைவிட மனசு வராத குணம் நல்ல விவசாயிக்கு உரியது.

திரும்பி வந்து என்னிடம் சொன்னவர், வீட்டில் சொல்லவில்லை. போலீசுக்குப் போகலாம் என்றேன். 'ஊரு சிரிக்குமுங்க' என்றார். பேராசை என்று ஊர் தீர்ப்பு எழுதியிருக்கிறதே, அதன் விலை இதுதான். தீர்ப்புக்குப் பயந்து முதல் தவணையிலேயே வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். திறந்திருந்தால் ஆறாயிரத்தோடு நின்றிருக்கும். மோசடிக்காரர்களுக்கும் இது தெரியும். 'விஷயம் வெளியே போனால் பரிசு ரத்தாகும்', 'வருமான வரிக்காரர்கள் வருவார்கள்', 'சொந்தக்காரர்கள் பங்கு கேட்பார்கள்' என்று அவர்கள் முதலில் போடும் நிபந்தனையே வாய்ப்பூட்டுதான். நான் பார்த்த அத்தனை வகையிலும் இந்த ஒன்று மாறவில்லை. தாளும் நம்பரும் கதையும் மாறும். யாரிடமும் சொல்லாதே என்பது மட்டும் மாறாது.

இதற்கு நேர் எதிராக ஒரு பையனைப் பார்த்தேன். பொள்ளாச்சித் தென்னைநார் ஆலைகளில் வடமாநிலத்துப் பிள்ளைகள் நிறைய வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவன், இருபது இருபத்திரண்டு வயது, தலைமுடியில் நார்த்தூசியோடு வந்து வாட்ஸ்அப்பில் வந்த படம் ஒன்றைக் காட்டினான். அமிதாப் பச்சன், பிரதமர், அம்பானி மூவரும் சிரிக்கிறார்கள். கௌன் பனேகா குரோர்பதியின் பெயர். ஆல் இண்டியா சிம் கார்டு லக்கி டிராவில் 25 லட்சம். கூடவே குரல் பதிவு ஒன்று, இந்தியில். அந்தக் காலத்தில் பிரச்சார சபாப் பரீட்சை எழுதிய என் இந்தியே அதைப் புரிந்துகொள்ளப் போதுமானதாக இருந்தது. 'சாதாரணக் கால் பண்ணாதீர்கள், வாட்ஸ்அப் கால் மட்டும் பண்ணுங்கள்' என்று அதில் இரண்டு முறை வந்தது.

ஏன் நம்புகிறாய் என்றேன். 'அதில் என் நம்பர் இருக்கிறது மேடம்ஜி' என்றான். அவன் நம்பருக்கு அனுப்பிய படத்தில் அவன் நம்பர் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன், அன்றைக்குச் சிரித்திருந்தால் அவன் எழுந்து போயிருப்பான்.

வந்த எண்ணின் முன்னால் இருந்த இரண்டு இலக்கத்தைக் காட்டினேன். 92. அது பாகிஸ்தானின் குறியீடு, நம்முடையது 91. இந்தக் குறிப்பிட்ட மோசடியில் அந்த எண்கள் நிறையப் புழங்கின. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் இது பொய் என்று பலமுறை அறிவித்திருக்கிறது. இப்போது 91-இல் தொடங்கும் எண்களிலிருந்தும் வருகிறது, அதனால் குறியீட்டை மட்டும் நம்பிப் பயனில்லை. அந்த நிகழ்ச்சி கேள்வி பதில் போட்டி. அதில் லாட்டரியே கிடையாது. பையன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான், படத்தை அழித்தான், ஊருக்கு அனுப்ப வந்த பணத்தை அனுப்பிவிட்டுப் போனான். அவன் எட்டாவது வரை படித்தவன். தென்னை விவசாயி பியூசி. பையனுக்கு வாய்த்தது, அனுப்புவதற்கு முன்பு 'பேங்க் மேடத்தைக் கேட்டுட்டு அனுப்பு' என்று சொல்ல ஒரு கூட்டாளி.

எங்கள் பக்கத்தில் இன்னொரு ரகம் உண்டு. கேரள லாட்டரியை வீட்டிலிருந்தே வாங்கலாம் என்று வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வரும் அழைப்பு. நூறோ இருநூறோ ஜிபேயில் போட்டால் சீட்டின் படத்தை அனுப்புவார்கள். கேரள லாட்டரித் துறை ஆன்லைனில் சீட்டு விற்பதில்லை. காகிதச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பரிசு; போனில் இருக்கும் படத்துக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு பைசா கிடையாது. ஒரே சீட்டின் படத்தை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதும் வாங்கியவருக்குத் தெரியாது. சின்னப் பரிசு விழுந்தால் கொடுத்தும்விடுவார்கள், நம்பிக்கை வளர வேண்டுமே. மூணு நம்பர் லாட்டரி என்று துண்டுச் சீட்டில் எழுதி விற்கிறார்களே, கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து ஆடுவது, அதை நான் மோசடிக் கணக்கில்கூடச் சேர்க்க மாட்டேன். அது அப்பட்டமான சூதாட்டம், தமிழ்நாட்டில் குற்றம், குடும்பங்களையே தின்றிருக்கிறது. அங்கே பணம் வராவிட்டால் புகார் கொடுக்கக்கூட முடியாது என்பதுதான் விற்கிறவனின் பலம்.

கேரளத்து லாட்டரி விற்பனையாளர்களும் ஏமாற்றப்படுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய சீட்டில் ஓர் இலக்கத்தை மையால் திருத்தி, 'ஐயாயிரம் விழுந்திருக்கிறது, காசாகக் கொடு' என்று பார்வைக் குறைவுள்ள, வயதான தெருவோர விற்பனையாளர்களிடம் வாங்கிக்கொண்டு ஓடுவது அங்கே அடிக்கடி வரும் செய்தி. அந்த விற்பனையாளர்களை யாரும் பேராசைக்காரர்கள் என்று சொல்வதில்லை.

பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணை அழைப்பது. 2021-இல் 155260 என்று தொடங்கி, பிறகு இந்த எண்ணுக்கு மாறிய தேசிய உதவி எண் இது. யாராவது சிரிப்பார்களோ என்று யோசிப்பதற்குள் பணம் மூன்று நான்கு கணக்குகள் தாண்டிவிடும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் அடுத்த கணக்கில் இருக்கும்போதே முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. யுபிஐயில் அனுப்பியிருந்தால் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண், நேரம், எவ்வளவு, எந்த எண்ணிலிருந்து பேசினார்கள், இவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். 'வங்கி திருப்பித் தராதா?' என்று கேட்பார்கள். உங்கள் கையாலேயே பின் நம்பரைப் போட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கி பொதுவாகப் பொறுப்பேற்காது. 2017-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த பாதுகாப்பு விதிகள் உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்கானவை. இன்னொன்று: பறிகொடுத்தவர்களின் பட்டியலும் விலைபோகிறது. சில மாதம் கழித்து 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று வக்கீல் பெயரிலோ சைபர் போலீஸ் பெயரிலோ ஒருவர் பேசுவார். அநேகமாக அதே கூட்டம்தான்.

வங்கிகளைப் பற்றியும் சொல்கிறேன், இருந்த இடம் என்பதற்காக மழுப்பப்போவதில்லை. வயதானவர் ஒருவர் முன்பின் பழக்கமில்லாத கணக்குக்குப் பெரிய தொகை அனுப்ப வந்தால் 'யாருக்குங்க அனுப்பறீங்க?' என்று கேட்பது கவுன்ட்டரில் இருப்பவரின் வேலை. ஆனால் கேட்டால் வரிசை நீளும். வாடிக்கையாளர் புகார் எழுதுவார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள். இன்ஷூரன்ஸ் விற்றாயா என்று நாள்தோறும் கேட்கிற மேலிடம், இன்றைக்கு எத்தனை பேரின் பணத்தைத் தடுத்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது பெரும்பாலான பணம் கவுன்ட்டருக்கே வராமல் போனிலேயே போய்விடுகிறது. கேட்க அங்கே ஆளே இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர் புதிய கணக்கு ஒன்றுக்கு முதல்முறையாகப் பெரிய தொகை அனுப்பினால், அது ஒரு மணி நேரம் கழித்துப் போய்ச் சேரட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் மருமகள் வந்து 'என்னங் மாமா அது?' என்று கேட்டுவிட வாய்ப்பிருக்கிறது.

பணம் போய்ச் சேரும் கணக்குகளும் இந்தப் பக்கத்துக் கணக்குகள்தான், வடக்கே மட்டும் இல்லை. கோவையில் படிக்கும் பையன்களிடம் 'உன் அக்கவுண்ட்டை ஒரு மாசத்துக்குக் கொடு, வருகிறதில் கமிஷன் தருகிறோம்' என்று கேட்டு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் வாங்கிக்கொள்கிறார்கள். என் பணிக்காலத்தின் கடைசியில் அப்படி ஒரு பையனின் தாயார் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். கணக்கு முடக்கப்பட்டிருந்தது, வேறொரு மாநிலத்துப் போலீசிலிருந்து கடிதம் வந்திருந்தது. கல்லூரிக் கட்டணம் கட்ட அந்தக் கணக்கிலேயே அவர் போட்டு வைத்திருந்த சொந்தப் பணமும் சேர்ந்து நின்றுபோயிருந்தது. மாதாமாதம் சில நூறு ரூபாய் மட்டும் புரண்டுகொண்டிருந்த கணக்கு அது. ஒரே மதியத்தில் லட்சக்கணக்கில் வந்து, வந்த வேகத்தில் ஏழெட்டுக் கணக்குகளுக்குப் பிரிந்து போயிருந்தது. ஆதார், பான், படம், கையெழுத்து எல்லாம் எங்கள் கிளையில் சரிபார்த்து வாங்கியவைதான். ஒரு தாளிலும் குறை இல்லை.

இப்படிப்பட்ட கணக்குகளை மோப்பம் பிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் மியூல்ஹன்டர் என்ற மென்பொருளை உருவாக்கியிருப்பதாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். மென்பொருள் சந்தேகக் கொடி காட்டும். அந்தக் கொடியைப் பார்த்து அன்றைக்கே பையனையோ தாயையோ போனில் கூப்பிட்டு, 'இந்தப் பணம் யாருடையது?' என்று கேட்கக் கிளையில் ஒரு ஆள் வேண்டும். நான் ஓய்வு பெறும்போது என் கிளையில் இரண்டு எழுத்தர் இடங்கள் காலியாக இருந்தன. போன வாரம் பென்ஷன் விஷயமாகப் போனேன், அவை இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.